சீனி குறையுது எண்டால் ஆர் நம்பினம்

2018 வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில தான் நான் முதல் தரம் விழுந்தனான். முதல் நாள் பின்னேரத்தில இருந்து விரதம், வெறும் தண்ணி, திங்கக்கிழமை இரவு கோயில் வீதியில மண்ணில பாயைப் போட்டுச் சனத்தோட சனமா இருக்கிறம். கை உதற வெளிக்கிட்டது. பிறகு வேர்வை, நந்திக்கடல் காத்து அடிக்க அடிக்கச் சட்டை தோஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது, அக்கா சொல்லித்தான் தெரியும், நான் கதை குழறி, பக்கத்தில இருந்த ஆரையோ ஏசி, எழும்பி நடக்கப் பாத்து விழுந்தனானாம். உடன ஒரு அம்மா "பிள்ளைக்கு உரு வந்திட்டுது, விலகுங்கோ விலகுங்கோ" எண்டு வேப்பிலையைக் கொண்டந்து கையில திணிச்சிருக்கிறா. இவர் என்ன நினைச்சாரோ தெரியாது, மகளுக்கு வாங்கி வைச்சிருந்த நெக்டோ போத்தலை எடுத்து கொஞ்சம் கொஞ்சமா வாயில விட்டவர். பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில நான் எழும்பி இருந்து "ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறியள்" எண்டு கேட்டனான்.

முதலுதவிக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் விரலில குத்திச் சீனி பாத்தவை. 138. "நோர்மல் தான் ரீச்சர், விரதக் களை." சோடா குடிச்சதை நாங்களும் சொல்லேல்ல அவையும் கேக்கேல்ல.

எங்கட ரோட்டில கிடுகு விக்கிற ஆச்சி ஒருத்தி இண்டைக்கும் என்னைக் கண்டால் கும்பிட்டிட்டுத்தான் போறவா. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

நான் கணக்குப் படிப்பிக்கிறன். விசுவமடுப் பக்கம் வீடு, இவருக்கு ரெண்டு ஏக்கர் வயலும் ஒரு லாண்ட்மாஸ்ரரும், ஒரே ஒரு மகள். எங்கட பக்கத்தில "அவருக்குச் சீனி" எண்டால் கூடியிருக்கு எண்டு தான் அர்த்தம். சீனி கூடினவைக்குக் கிளினிக் இருக்கு, கொப்பி இருக்கு, குளிசை இருக்கு, புதுசா ஆரும் வந்தால் பாவற்காய்ச் சாறு சொல்லிக் குடுக்கப் பத்துப் பேர் இருக்கினம். குறைஞ்சவைக்கு ஒண்டும் இல்லை. "குறைவெண்டால் நல்லது தானே பிள்ளை, ஒரு பிளேன்ரீயைக் குடி" எண்டு மாமியே சொல்லுவா, மாமிக்கு இருபது வருசமாச் சீனி.

பொங்கலுக்குப் பிறகு மாசத்தில ரெண்டு மூண்டு தரம் எண்டு வரத் தொடங்கிச்சு. காலமைச் சாப்பாடு பிந்தினால் வரும், காய்ச்சல் வந்தால் வரும், அருவி வெட்டு நேரம் வயலுக்குப் போனால் கட்டாயம் வரும். ரெண்டாம் பாடம் நடக்கேக்க கரும்பலகையில எழுதினது எனக்கே விளங்காமல் நிண்டிருக்கிறன், ஏழாம் வாய்ப்பாடு வராமல் நிண்டிருக்கிறன், பிள்ளையள் சிரிக்குதுகள். ஓபிடிக்குப் போனால் எஃப்பிஎஸ் எழுதித் தருவினம், இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பிடாமல் விடிய வந்து ரத்தம் குடுக்கவேணும், குடுத்தால் 68, இன்னொருக்கா 66, பிறகு 71. றிப்போட்டில பக்கத்தில ஒரு சின்ன அடையாளம் இருக்கும் குறைவெண்டு. டொக்டர் பாப்பார், "இது ரத்தம் எடுத்து வைச்சு லாப்புக்குப் போகப் பிந்தியிருக்கும், போத்தலுக்குள்ள இருக்க இருக்கச் சீனி குறையும்" எண்டுவார். அது பொய்யில்லை. ரத்தத்தில இருக்கிற கலங்கள் சீனியைத் திண்டுகொண்டே இருக்கும், மருந்து போட்ட போத்தலில எடுக்காட்டி மணித்தியாலத்துக்கு நூற்றுக்கு அஞ்சு ஆறு வீதம் இறங்கும். ஆனால் மூண்டு தரமும் என்ர போத்தல் மட்டுமோ பிந்தினது?

நான் டொக்டர்மாரைக் குறை சொல்ல இதை எழுதேல்ல, இல்லை, கொஞ்சம் சொல்லத்தான் எழுதுறன், ஆனால் கணக்கையும் சொல்லவேணும். ஒருநாள் வாங்கில இருந்து எண்ணிப் பாத்தனான், எட்டரையில இருந்து பத்து மணிக்குள்ள 40 பேர் உள்ள போய் வந்தினம். ஒருத்தருக்கு ரெண்டே கால் நிமிசம். அதுக்குள்ள கொப்பியைத் திறந்து, "என்ன வருத்தம்" எண்டு கேட்டு, எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிடவேணும். என்ர கதையைச் சொல்ல எனக்கே இருபது நிமிசம் வேணும். நான் "களைப்பு, தலைச்சுத்து" எண்டு ரெண்டு சொல்லில சொல்லிப்போட்டு வந்திடுவன், அவர் விற்றமின் எழுதித் தருவார்.

2019ல நல்ல பகிடி ஒண்டு நடந்தது. பள்ளிக்கூடத்தில மயங்கி, ரீச்சர்மார் குளுக்கோஸ் பக்கற் ஒண்டை முழுசாக் கரைச்சுப் பருக்கிப்போட்டு ஓட்டோவில ஏத்தி அனுப்ப, ஆஸ்பத்திரியில பாத்தால் 214. உடன நீரிழிவு கிளினிக்குக்குத் துண்டு. சீனி குறைஞ்சு மயங்கினவளுக்குச் சீனி கூடின வருத்தம் எண்டு கொப்பியில டிஎம், பக்கத்தில ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி அடுத்தடுத்த பக்கத்தில காணாமல் போட்டுது. மெற்ஃபோமின் தந்தவை, ரெண்டு கிழமை போட்டிட்டுப் பயத்தில விட்டிட்டன். கிளினிக்கில ஒரு வயசு போன மிஸி மட்டும் என்ர றிப்போட்டுகளைப் புரட்டிப் பாத்து "இவாக்கு எங்கை சீனி" எண்டு தனக்குள்ள சொன்னவா. சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் மிஸி சொல்லி டொக்டர் எழுதினதை வெட்ட ஏலாது தானே.

பிறகு கொரோனா வந்து ஒரு வருசம் அப்பிடியே போட்டுது.

2021 ஐப்பசி ஒரு நாள் விடியப்புறம் 3.40. மகள் என்னை உலுப்பி எழுப்புறாள். தலையணை எல்லாம் நனைஞ்சு கிடக்கு, நான் நித்திரையில ஏதோ கத்தினனானாம். மாமியின்ர சீனி மெசின் அலுமாரிக்கு மேல இருந்தது, மகள் தான் "அம்மா ஒருக்காப் பாப்பம்" எண்டு எடுத்தவள். அவளுக்கு அப்ப பன்ரெண்டு வயசு. குப்பி விளக்கு வெளிச்சத்தில என்ர விரலைப் பிடிச்சுக் குத்தி, ரத்தம் வரேல்ல, விரல் ஐஸ் மாதிரி, திரும்பக் குத்தி, ஸ்ட்ரிப்பை வைச்சால் அஞ்சு எண்ணி முடிய 41 எண்டு வந்தது. அவள் அதைப் பாத்து "மெசின் பழுது போல" எண்டிட்டுத் தன்ர விரலைக் குத்திப் பாத்தாள். 92. திரும்ப என்ர விரல். 43. பிறகு ரெண்டு பேருமா இருட்டுக்குள்ள பனங்கட்டி சாப்பிட்டம்.

அண்டைக்கே ஒரு சிஆர் கொப்பியில கோடு போட்டுப் பெட்டி கீறினன். திகதி, நேரம், கடைசியாச் சாப்பிட்டது எத்தினை மணி, என்ன சாப்பிட்டது, என்ன செய்தது, மெசின் இலக்கம், பனங்கட்டி சாப்பிட்டு கால் மணித்தியாலம் கழிச்சு இலக்கம். ஸ்ட்ரிப் பெட்டி வாங்கத்தான் காசு முடியும், அதால உதறல் வந்தால் மட்டும் பாப்பன். மூண்டு மாசத்தில 19 தரம். அதில 14 தரம் 55க்குக் கீழ. 55 ஏன் எண்டால், சீனி வருத்தம் இல்லாத ஆளுக்கு 55க்குக் கீழ போய், அந்த நேரம் உதறல் குழப்பம் இருந்து, சீனி குடுக்க அது மாறினால் அது கட்டாயம் தேடிப் பாக்கவேண்டிய விசயம். விப்பிள் எண்ட அமெரிக்கச் சத்திரசிகிச்சை டொக்டர் 1930களிலயே சொல்லி வைச்சது இந்த மூண்டும். மகளின்ர ஒன்லைன் படிப்புக்கு வாங்கின ஃபோனில இரவிரவா வாசிச்சு எடுத்தனான். என்ர கொப்பியில அந்த மூண்டும் பதினாலு தரம் இருந்தது.

கொப்பியைக் கொண்டு போய் நீட்டினன். டொக்டர் வாங்கேல்ல. "வீட்டு மெசின் பிழை காட்டும்." நான் விடேல்ல, "சேர், மெசினில குறைஞ்ச இலக்கம் வந்தால் 15 கூடக் குறைய இருக்கலாம் எண்டு தானே சொல்லினம், 38 எண்டு காட்டினால் உண்மையில 53க்கு மேல போகாது தானே, அதுவும் குறைவு தானே" எண்டன். சொல்லிப்போட்டு என்ர வாயை நானே கடிச்சன். அவர் நிமிந்து பாத்தார், "நீங்கள் என்ன வேலை" எண்டார். கணக்கு ரீச்சர் எண்டன். "இன்ரநெற்றில வாசிக்கிறதைக் குறையுங்கோ ரீச்சர்."

அடுத்தது காசு கட்டிச் சனல் பண்ணித் தூரத்து ரவுண் ஒண்டுக்குப் போனம், பெரிய டொக்டர். அவர் கொப்பியை வாங்கிப் பாத்தார், அது பெரிய விசயம். பாத்திட்டுக் கேட்டார், "வீட்டில ஆர் சீனிக் குளிசை போடினம்?" மாமி எண்டன். "அதை நீங்கள் எடுத்துப் போடுறியளோ?" எனக்குக் கண்ணுக்குள்ள தண்ணி வந்திட்டுது. களவு எடுத்தவளைக் கேக்கிற மாதிரி. வீட்டை வந்து மாமியின்ர கிளிக்கலசைட் மட்டைகளை எல்லாம் எடுத்துக் கொப்பியோட ஒப்பிட்டு எண்ணினன், ஒண்டும் குறையேல்ல. இப்ப யோசிச்சால் அவர் கேட்டது சரியான கேள்வி, அந்தக் குளிசை தெரியாமல் மாறி உள்ள போனாலும் இப்பிடித்தான் வரும், ஒரே வீட்டில ரெண்டு பேர் மருந்து போட்டால் மட்டை மாறுறது நடக்கிற விசயம். கேட்ட விதம் தான். கேட்டிட்டு அந்தக் குளிசை ரத்தத்தில இருக்கோ எண்டு பாக்க ஒரு ரெஸ்ற்றும் எழுதேல்ல. தைரொயிட்டும் சோடியமும் மட்டும் எழுதினவர், ரிஎஸ்எச் 2.1, "நோர்மல், பயப்பிடாதேங்கோ." சோடியம் 128, "உப்புக் கொஞ்சம் கூடச் சேருங்கோ."

இந்த ரெண்டு இலக்கத்தையும் ஞாபகம் வைச்சிருங்கோ.

2022ல பெற்றோல் இல்லை. லாண்ட்மாஸ்ரருக்கு டீசலும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏழு கிலோமீற்றர் சைக்கிள். பாதி வழியில ஒரு மதகு, அந்த மதகடியில வந்தால் கால் விறைச்சிடும், இறங்கிக் கட்டில இருந்து கைப்பைக்குள்ள இருக்கிற பனங்கட்டியைக் கடிப்பன். மருந்துக்கடையிலயும் ஒண்டும் இல்லாத காலம், ஸ்ட்ரிப் கிடைக்காது. கொப்பியில அந்த மாசங்கள் வெறும் உதறல் எண்டு மட்டும் எழுதிக் கிடக்கு, இலக்கம் இல்லை.

அந்த வருசக் கடைசியில தான் ஒரு டொக்டர் என்னை மனநலக் கிளினிக்குக்கு எழுதினவர். "கனக்க யோசிக்கிறியள் போல." நான் மூண்டு நாள் ஆரோடயும் கதைக்கேல்ல. வன்னியில எங்களுக்கு எது வந்தாலும் ஒரே மறுமொழி தான், யோசினை. நெஞ்சு நொந்தால் யோசினை, வயிறு எரிஞ்சால் யோசினை, மயிர் கொட்டினால் யோசினை. சண்டைக்குள்ளால வந்த சனம், யோசிக்கும் தானே. நாங்களே அப்பிடித்தான் சொல்லுவம். 2009க்குப் பிறகு நான் ஒருநாளும் முந்தி மாதிரி இருந்ததில்லை, வெயிலிலயும் குளிரும், தோல் மெழுகு மாதிரி வெளிறிப் போச்சு, பின்னேரம் நாலு மணிக்கே உடம்பு சாக்கு மாதிரி விழும். இதை எல்லாம் வருத்தம் எண்டு நானே நினைக்கேல்ல. நான் நினைச்சது, எல்லாருக்கும் இப்பிடித்தான்.

போக மாட்டன் எண்டு தான் இருந்தனான். இவர் தான் "போட்டு வா, அங்கையும் ஒரு டொக்டர் தானே இருக்கிறார்" எண்டவர்.

இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை, முப்பது வயசு இருக்காது, தமிழ் உடைச்சு உடைச்சுக் கதைப்பா. அவாவிட்ட வாங்கில ஆறு பேர் தான் இருந்தினம். அவாவுக்கு அவசரம் இல்லை. "அம்மா முதல் இருந்து சொல்லுங்க" எண்டா. எந்த முதல் எண்டன். "சண்டை முன்னால" எண்டா.

சொன்னன். கிளிநொச்சியில இருந்து வெளிக்கிட்டது, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, ஒவ்வொரு இடத்திலயும் பங்கர் வெட்டினது, நான் வயித்தில பிள்ளையோட வாளியில மண் அள்ளினது. 2009 பங்குனியில மாத்தளனில, பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கின இடத்தில, விறாந்தையில பிள்ளை பிறந்தது. பிள்ளை சுகமா வந்திட்டுது, நஞ்சுக்கொடி வரப் பிந்தினது. ரத்தம் நிக்கேல்ல. பக்கத்தில காயக்காரர், ஏத்த ரத்தம் இல்லை, ஒரு மருத்துவமாது அக்கா ரெண்டு கையாலயும் என்ர வயித்தை அமத்திக்கொண்டே இருந்தவா, அவாவின்ர வேர்வை என்ர முகத்தில விழுந்தது, "கண்ணை மூடாதை, கண்ணை மூடாதை" எண்டு கன்னத்தில தட்டுறா. அம்மாவின்ர ரெண்டு சேலை தோஞ்சு மண்ணில ஊறினது. ஒரு சேலைன் போட்டவை. நான் கண்ணை மூடிட்டன். எப்பிடி முழிச்சனான் எண்டு தெரியாது. அந்த அக்கா ஆர் எங்கை எண்டும் தெரியாது.

பதின்மூண்டு வருசத்தில ஒரு டொக்டருக்கும் நான் இதைச் சொல்லேல்ல. ஆரும் கேக்கேல்ல, கேட்டிருந்தாலும் சீனிக்கும் பிள்ளைப்பேறுக்கும் என்ன தொடர்பு எண்டு விட்டிருப்பன்.

அவா எழுதுறதை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டா, "பேபிக்கு பால் குடுத்ததா?"

ஒரு சொட்டும் வரேல்ல எண்டன். செட்டிகுளம் முகாமில மா தான் கரைச்சுக் குடுத்தது. சாப்பாடில்லாத உடம்பு, எங்கால பால் வரும் எண்டு அம்மா சொன்னவா.

"மாசம் மாசம் வாறது?"

அதுக்குப் பிறகு வரவே இல்லை. நான் சாதாரணமாத்தான் சொன்னனான். முகாமில எங்கட கூடாரத்தில இருந்த அஞ்சு பொம்பிளையளில மூண்டு பேருக்கு நிண்டு போயிருந்தது, எல்லாம் பட்டினியும் பயமும் எண்டு கதைச்சுக்கொள்ளுவம். மற்ற ரெண்டு பேருக்கும் பிறகு வந்திட்டுது. எனக்கு வரேல்ல. ரெண்டாவது பிள்ளை இல்லை எண்டு ஊர் கதைச்சது, இவர் ஒருநாளும் கதைக்கேல்ல. அக்குள் மயிர் கொட்டிப் போனதை நான் வசதி எண்டு தான் நினைச்சது, சத்தியமா.

அவா பேனையை வைச்சிட்டு என்ர சோடியம் றிப்போட்டை எடுத்தா, ரிஎஸ்எச் றிப்போட்டை எடுத்தா, என்ர சிஆர் கொப்பியை முழுசா, ஒவ்வொரு வரியா, விரலை வைச்சு வாசிச்சா. பிறகு சொன்னா, "இது மனசு இல்ல அம்மா." ஒரு பக்கம் நிறைய ஆங்கிலத்தில கடிதம் எழுதி, யாழ்ப்பாணத்தில ஹோமோன் டொக்டரிட்டப் போகச்சொல்லித் தந்தவா. மனநலக் கிளினிக்குக்குப் போனவளுக்கு மனசில ஒண்டும் இல்லை எண்டு சொன்ன முதல் டொக்டர் மனநல டொக்டர்.

யாழ்ப்பாணத்தில வாட்டில மறிச்சு வைச்சுப் பட்டினி போட்டவை. எனக்குப் பயம் இல்லை, முதல் தரமா ஒருத்தர் நான் விழுறதைப் பாக்கக் காத்துக்கொண்டிருக்கினம் எண்டு ஒரு சந்தோசம், விசர் தான். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. விடியக் கொஞ்சம் வேர்வை. காலமை பத்துமணி போல உதறல், நான் மிஸியைக் கூப்பிட, அவா ஓடிவந்து கையில பெரிய நரம்பில ரத்தம் எடுத்தா, நாலு போத்தல், ஒண்டு சாம்பல் மூடி, அது தான் சீனி இறங்காமல் வைச்சிருக்கிற போத்தல். எடுத்து முடிச்ச கையோட குளுக்கோஸ் ஏத்தினவை. சீனி 46. அதுவும் பதினைஞ்சு மணித்தியாலத்திலயே. இந்தச் சோதினை 72 மணித்தியாலம் வரைக்கும் போகுமாம், சுகமான ஆள் மூண்டு நாள் பட்டினி கிடந்தாலும் தாங்கும்.

மற்றப் போத்தலுகளில தான் விசயம் இருந்தது. கணையத்தில கட்டி ஏதும் இருந்து இன்சுலினைக் கொட்டினால், சீனி இறங்கின நேரத்திலயும் இன்சுலினும், அதோட சேந்து கணையத்தில இருந்து வாற சி பெப்ரைட்டும் கூடி நிக்கும். எனக்கு ரெண்டும் அடியில. மாமியின்ர குளிசை போட்டிருந்தாலும் அந்த ரெண்டும் கூடித்தான் நிண்டிருக்கும், ஆனபடியால் அந்தச் சந்தேகமும் போச்சு. பிழை கணையத்தில இல்லை. பிறகு கோட்டிசோல், உடம்பு நெருக்கடியில சுரக்கிற ஹோமோன், அது 58. உடம்பில சீனி இந்தளவுக்கு இறங்கினால் கோட்டிசோல் எகிறி 500க்கு மேல நிக்கவேணும், ஈரலைத் தட்டி எழுப்பிச் சீனி செய்ய வைக்கிறதில அதுக்குப் பெரிய பங்கு. எனக்கு அது எழும்பவே இல்லை.

மூளைக்குக் கீழ ஒரு கடலை அளவில பிற்றூற்றறி எண்டு ஒரு சுரப்பி இருக்கு, பள்ளிக்கூடப் புத்தகத்தில கபச்சுரப்பி. பிள்ளைத்தாய்ச்சியா இருக்கேக்க அது பருக்கும், ஆனால் பருக்கிற அளவுக்கு அதுக்கு ரத்த ஓட்டம் கூடுறதில்லை. அந்த நேரம் ரத்தம் கனக்கப் போய்ப் பிரசர் விழுந்தால் அது பட்டுப்போகும். பால் சுரக்கச் சொல்லுறதும் அது தான், மாதவிடாய்க்குச் சொல்லுறதும் அது தான், தைரொயிட்டுக்கும் கோட்டிசோலுக்கும் சொல்லுறதும் அது தான். ஷீஹான் எண்ட இங்கிலாந்து டொக்டர் 1937ல இதை எழுதினவர், அவற்ர பேரில தான் ஷீஹான் சின்ட்ரோம் எண்டு சொல்லுறது. ரத்தம் உடன ஏத்துற நாடுகளில இப்ப அரிதாத்தான் வரும். எங்கட விறாந்தையில ரத்தம் இருக்கேல்ல.

அந்த ரிஎஸ்எச் 2.1 இருக்கே, அதுக்கு வாறன். ரிஎஸ்எச் எண்டது தைரொயிட் செய்யிறது இல்லை, அந்தக் கடலை தைரொயிட்டுக்கு அடிக்கிற மணி, தைரொயிட் குறைஞ்சால் அது கூட அடிக்கவேணும், எனக்கு அது அசையவே இல்லை. பள்ளிக்கூடத்தில மணி அடிக்கிற ஐயா நித்திரையாப் போனால் பாடம் மாறாது, ஆனால் அதிபர் கந்தோரில இருந்து பாத்தால் எல்லாம் அமைதியா ஒழுங்கா இருக்கிற மாதிரித்தான் தெரியும். தைரொயிட்டை நேர பாக்கவேணும் எண்டால் எஃப்ரி4 எண்டு இன்னொரு ரெஸ்ற் இருக்கு. யாழ்ப்பாணத்தில அதைச் செய்ய அடிமட்டத்துக்கு வந்தது. சோடியம் 128ம் கோட்டிசோலும் தைரொயிட்டும் இல்லாததால இறங்கினது, உப்புப் போட்டு ஏறாது. கொப்பிக்குள்ள விடை எழுதி ஒட்டி வைச்சுக்கொண்டு தான் நான் நாலைஞ்சு வருசம் வாங்கு வாங்கா இருந்திருக்கிறன். எம்ஆர்ஐயில அந்தச் சுரப்பி இருக்கவேண்டிய குழி கிட்டத்தட்ட வெறுமையா இருந்தது, படத்தில காட்டினவை, ஒரு கறுப்புக் கிண்ணம்.

முதல் ஹைட்ரோகோட்டிசோன், கோட்டிசோலுக்குப் பதிலாப் போடுற ஸ்டீரொயிட் குளிசை, காலமை 10, மத்தியானம் 5, பின்னேரம் 5. தைரொக்சின் பிறகு தான் தொடங்கினவை. அந்த ஒழுங்கு முக்கியம் எண்டு டொக்டர் அம்மா ரெண்டு தரம் சொன்னவா, கோட்டிசோல் இல்லாத உடம்புக்குத் தைரொக்சினை முதல் குடுத்தால் ஆள் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். ரிஎஸ்எச்சோட எஃப்ரி4ம் பாத்திட்டு ஆரும் "தைரொயிட் குறைவு, இந்தா குளிசை" எண்டு தந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு நான் அண்டைக்கு வாட்டில படுத்திருந்து யோசிச்சன். சில நேரம் அரைகுறையாக் கண்டுபிடிக்கப்படாமல் இருந்ததும் நல்லது தான் போல.

மூண்டாம் நாள் காலமை எனக்குப் பசிச்சது. பசி எண்டால் உதறல் இல்லை, சும்மா பசி, சம்பலோட பாண் சாப்பிடவேணும் எண்ட மாதிரி. அது எப்பிடி இருக்கும் எண்டு மறந்து போயிருந்தன்.

வீட்டை வர "ஸ்டீரொயிட் கூடாது, முகம் ஊதும், எலும்பு உக்கும்" எண்டு சொல்ல ஊர் முழுக்க வந்தது. உடம்பு செய்யவேண்டிய அளவைத்தான் குளிசையாப் போடுறன், நிப்பாட்டினால் தான் கூடாது எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். காய்ச்சல் வந்தால் ரெண்டு மடங்கு போடவேணும், சத்தி வந்து குளிசை தங்காட்டி உடன ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடவேணும், அதை ஒரு மட்டையில மூண்டு மொழியிலயும் எழுதி பேர்ஸுக்குள்ள வைச்சிருக்கிறன், சிங்களத்தில எழுதித் தந்தது அந்த மனநல டொக்டர் தான். இடமாற்றத்தில போட்டா. போக முதல் ஒரு போத்தல் நல்லெண்ணையும் பனங்கட்டிக் குட்டான் ஒண்டும் கொண்டு போய்க் குடுத்தனான், வாங்க மாட்டன் எண்டு சொல்லிச் சொல்லி வாங்கினவா.

சீனி இப்ப விடிய 80, 85. சிஆர் கொப்பி முடிஞ்சு ரெண்டாவது கொப்பி பாதிக்கு மேல வெறுமையாக் கிடக்கு, மகள் அதில ஓஎல் கணக்குச் செய்யிறாள்.

போன மாசம் முகாமில எங்கட கூடாரத்தில இருந்த அஞ்சு பேரில ஒரு அக்காவைப் பரந்தன் சந்தியில கண்டனான், இப்ப முரசுமோட்டைப் பக்கம் இருக்கிறாவாம். மாதவிடாய் திரும்பி வந்த ரெண்டு பேரில அவா ஒராள், ஆனால் பக்கத்தில ஒரு தங்கச்சி நிண்டவா, அவாவின்ர மச்சாள், முள்ளிவாய்க்காலில பிள்ளை பெத்தவா. அந்த வெயிலில முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நிண்டவா, முகம் மெழுகு மாதிரி. நான் பஸ்ஸை விட்டிட்டன். கோயில் மதிலடி நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சனத்துக்குக் கேக்காமல் அந்த ரெண்டு கேள்வியையும் கேட்டன். அவா அக்காவைப் பாத்தா, பிறகு நிலத்தைப் பாத்தா, பிறகு இல்லை எண்டு தலையாட்டினா. ரெண்டுக்கும்.

வாற செவ்வாய்க்கிழமை அவாவுக்குக் கிளினிக். நானும் பள்ளிக்கூடத்தில லீவு போட்டிட்டன். அவாவின்ர கொப்பியின்ர முதல் பக்கத்தில, டொக்டர் திறந்த உடன கண்ணில படுற மாதிரி, சிவப்புப் பேனையால நானே பெரிசா எழுதிக் குடுத்திருக்கிறன்: 2009 வைகாசி, பிள்ளைப்பேறு, ரத்தம் கனக்கப் போனது, பால் வரேல்ல, அதுக்குப் பிறகு மாதவிடாய் இல்லை, கோட்டிசோலும் எஃப்ரி4ம் பாக்கவும்.